மூன்று இடங்களில் அனுமதி: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

வாசகர் கேள்வி – பேராசிரியர் பதில்

இடம் கிடைக்கவில்லை என்று எழுதுகிறவர்களைவிட, இரண்டு மூன்று இடங்களில் கிடைத்துவிட்டது, எதை எடுப்பது என்று தெரியவில்லை என்று எழுதுகிறவர்கள் அண்மைக் காலமாக அதிகமாகியிருக்கிறார்கள். வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். காலக்கெடு நெருங்கியிருந்தவர்களுக்கு முன்பே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். அதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் அறந்தாங்கி அருகே அரசு உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான தேசியக் கலந்தாய்வான ஜோசாவின் ஒதுக்கீட்டில் திருச்சி என்.ஐ.டி.யில் உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல் கிடைத்திருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் முதல் சுற்றில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள்.இ. (மின், மின்னணுப் பொறியியல்) தற்காலிகமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. சென்னைக்கு அருகிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கட்டணச் சலுகையோடு கணினி அறிவியல் தருவதாகச் சொல்கிறது. சலுகை போக, விடுதியோடு சேர்த்து நான்கு ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் ஆகும். அப்பா பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆண்டு வருமானம் 3 லட்சம். விடுமுறையில் நானும் கடையில் உதவியாக இருப்பேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கணினி அறிவியல் படித்தால்தான் வேலை என்று சித்தப்பாவும் மாமாவும் சொல்கிறார்கள். என்.ஐ.டி.யை விடக்கூடாது என்கிறார் எங்கள் இயற்பியல் ஆசிரியர். உலோகவியல் என்றால் என்னவென்றே எனக்குச் சரியாகத் தெரியாது. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஒரு மாணவி, அறந்தாங்கி

பதில்: முதலில் உங்களுக்கும் உங்கள் பெற்றோருக்கும் என் வாழ்த்துகள். இந்த மூன்று இடங்களையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பது எளிய காரியமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், யோசிப்பதற்கான நாட்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வாய்ப்புகள் திரையில் தெரியும்: ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே நீங்கள் குறித்திருக்கும் இடம் வருமா என்று காத்திருப்பது, மறுத்துவிட்டு மேலே உள்ள இடத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, மறுத்து வெளியேறுவது. இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் படிப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் ஆண்டுதோறும் சில பிள்ளைகள் தவறானதை அழுத்திவிடுகிறார்கள். மூன்றாவதைத் தேர்ந்தால் கையில் இருக்கும் இடம் அந்த நொடியே போய்விடும். ஜோசாவிலும் ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்ற சொற்களுக்குப் பொருள் தெரிந்த பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். ஃப்ரீஸ் என்றால் கிடைத்ததே போதும் என்று உறுதிசெய்வது. ஃப்ளோட் என்றால் எந்த நிறுவனமாக இருந்தாலும் இதைவிட மேலான விருப்பம் கிடைத்தால் மாறிக்கொள்ளச் சம்மதம் என்பது. ஸ்லைடு என்றால் அதே நிறுவனத்துக்குள் மட்டும் வேறு பாடப்பிரிவுக்கு மாறச் சம்மதம் என்பது. ஜோசாவிலிருந்து விலக எண்ணுகிறவர்கள் இறுதிச் சுற்றுக்கு முன்பே விலக வேண்டும் என்பதால், இரண்டு காலண்டர்களையும் ஒரே தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எந்த நாளில் எதை இழப்பீர்கள் என்பது அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுபோலப் புரியும்.

அடுத்தது பணம். கல்விக் கடன் இருக்கிறதே என்று உங்கள் உறவினர்கள் சொல்லக்கூடும். அந்த 15 லட்சத்தையும் கடனாக எடுத்து, ஆண்டுக்கு 3.75 லட்சம் என்று நான்கு தவணையாக வங்கி கொடுத்து, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கும்போது தனிவட்டி மட்டுமே 5.25 லட்சம் சேர்ந்திருக்கும். ஆகமொத்தம் 20.25 லட்சம். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் 26,700 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். மொத்தமாகக் கட்டுவது 32 லட்சத்தை எட்டும். உங்கள் அப்பாவின் இன்றைய மாத வருமானம் 25,000 ரூபாய். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் மாதத்திலிருந்து, உங்களுக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது ஆகும்வரை, அவருடைய இன்றைய முழு வருமானத்தைவிட அதிகமான தொகையை நீங்கள் வங்கிக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பிடிக்காத வேலையை விடவோ, மேற்படிப்புக்குப் போகவோ, ஓராண்டு அரசுத் தேர்வுக்குத் தயாராகவோ அந்தத் தவணை விடாது. மேலும், 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகள் வழக்கமாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். பெண் படிப்பதற்காக வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பதை அந்தப் பெண் நான்கு ஆண்டும் மறக்கமாட்டாள் என்பதை என் மாணவிகளிடம் பார்த்திருக்கிறேன்.

மற்ற இரண்டு இடங்களின் கணக்கு வேறு. என்.ஐ.டி.களில் கற்பிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் என்றாலும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடையே இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடியாகும். ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழுத் தள்ளுபடி. உங்கள் வருமானச் சான்றிதழ்படி நீங்கள் கட்ட வேண்டியது ஆண்டுக்கு ஏறக்குறைய 41,700 ரூபாய்தான். இந்தச் சலுகை தெரியாமலே என்.ஐ.டி.யை வேண்டாம் என்று விட்ட குடும்பங்களை நான் அறிவேன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். கிண்டியில் உங்களுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வரும் இடங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், நிர்வாக ஒதுக்கீட்டுக்கோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கோ அதை எடுத்துப் போக முடியாது. இரண்டு இடத்திலும் உண்மையான செலவு விடுதியும் மெஸ்ஸும்தான். அதற்குச் சிறிய கடன் தேவைப்பட்டால், 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைப் பற்றி வங்கியில் கேளுங்கள். தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஈடும் பிணையும் இல்லாமல் கடன் தரும் திட்டம் அது. ஆண்டு வருமானம் 8 லட்சம்வரை உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம்வரையிலான கடனில், திருப்பிச் செலுத்தத் தொடங்கும் முன்புள்ள காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியமும் அதில் உண்டு.

ஆகவே நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அது தரமற்றது என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கொடுக்கும் விலைக்குத் தகுந்த அளவுக்கு, அது மற்ற இரண்டையும்விட உயர்ந்ததாக இல்லை. நெடுஞ்சாலை விளம்பரப் பலகைகளில் ஆண்டுக்கு இத்தனை லட்சம் சம்பளம் என்று ஒரு மாணவரின் படத்தைப் போடுகிறார்கள். அது அந்த ஒருவரின் சம்பளம். நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்பதே உங்களுக்குத் தேவையான எண். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் விவரங்களைக் கொடுக்கிறது. அந்த விவரப் பட்டியல்கள் அதே இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், நடுநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். தரவரிசை எண்ணைவிட இந்தப் பட்டியல் பலமடங்கு பயனுள்ளது. அது நிறுவனம் முழுவதற்குமான கணக்கு என்பதால், துறை வாரியான விவரத்தைத் துறையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மிஞ்சியிருப்பவை திருச்சியும் கிண்டியும். கிண்டி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. திருச்சி 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. இரண்டின் பெயரும் நாட்டில் எந்த நிறுவனத்தின் நேர்காணல் அறையிலும் செல்லும். இந்த இரண்டுக்கும் இடையே பெயரை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் பிற மாநிலத்தவருக்கு என்பதால் உங்கள் அறைத்தோழி ராஜஸ்தானிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்திருக்கலாம். அது ஒரு தனிப் படிப்பு. கிண்டியில் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிற முதல் ஆறு மாதம் அங்கே சற்று எளிதாகக் கடந்துபோகும். ஊருக்கு அருகில் என்று பார்த்தால், புதுக்கோட்டை வழியாக, என்.ஐ.டி. இருக்கும் துவாக்குடி உங்களுக்கு எட்டும் தூரம்தான். இவை எல்லாம் கணக்கில் சேரும். ஆனாலும் உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பாடப்பிரிவு.

உலோகவியல் என்றால் என்னவென்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் மறுப்பதும் தவறு, ஏற்பதும் தவறு. இரண்டு நிறுவனங்களின் பாடத்திட்டங்களும் இணையத்தில் கிடைக்கும். மூன்றாம், நான்காம் பருவத் தாள்களை எடுத்துப் பாருங்கள். முதலாண்டு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். உலோகவியலில் வெப்ப இயக்கவியல், உலோகக் கலவைகளின் நிலை வரைபடங்கள், வார்ப்பு, வெப்பப் பதப்படுத்தல், அரிமானம் என்று போகும். ஒரு கம்பி ஏன் முறிகிறது, ஒரு கொதிகலன் குழாய் எத்தனை ஆண்டு தாங்கும் என்பவை அந்தத் துறையின் கேள்விகள். அதைப் படித்தவர்களுக்குத் திருச்சியிலேயே பெல் நிறுவனமும் அதன் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும், சேலத்தில் உருக்காலையும் இருக்கின்றன. அது வேலையில்லாத படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ட்ரிபிள்.இ.யில் மின்சுற்றுகள், மின்காந்தப் புலம், மின் இயந்திரங்கள், கட்டுப்பாட்டு அமைப்புகள், மின் தொகுப்புப் பாதுகாப்பு என்று போகும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். விடுமுறையில் அப்பாவின் கடையில் உதவியாக இருப்பேன் என்கிறீர்கள். எரிந்துபோன காயிலைப் பிரித்து, எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி என்று எண்ணிக் குறித்து, திரும்பச் சுற்றி, த்ரீ ஃபேஸ் இணைப்புக் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கும் இடத்தில் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். மின் இயந்திரங்கள் என்ற தாளில் பல மாணவர்கள் கரும்பலகையில் மட்டுமே பார்க்கும் தூண்டல் மோட்டாரின் வயிற்றை நீங்கள் கையால் தொட்டிருக்கிறீர்கள். அந்த வேலை உங்களுக்குப் பிடித்துத்தான் செய்தீர்களா, அப்பாவுக்காகச் செய்தீர்களா என்பதை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால், தயங்காமல் கிண்டிக்குப் போங்கள். அப்படி இல்லாமல், சுற்றிய கம்பியைவிட அந்தக் கம்பியும் உருளையும் எதனால் ஆனவை என்பதே உங்களை இழுத்திருந்தால், திருச்சி உங்களுக்குரியது. எனக்கு இருக்கும் இந்த ஒரு கடிதத்தை வைத்துச் சொல்லச் சொன்னால், நான் கிண்டி என்பேன்.

சித்தப்பாவின் கவலையையும் ஒதுக்கிவிட முடியாது; கணினி தெரியாமல் இன்று எந்தப் பொறியாளரும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி தரவு அறிவியல் பட்டப்படிப்பில், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதித்துவிட்டது. முதல் இரண்டு பருவம் கல்லூரியில் காலூன்றிய பிறகு அதைப் பற்றி யோசியுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஓராண்டு கழித்துப் பாடப்பிரிவை மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பிடிக்காத பிரிவில் சேராதீர்கள். அந்த வாய்ப்பு இருக்கும் இடங்களிலும் அது மிகச் சிலருக்கே கிட்டுகிறது. நான்கு ஆண்டும் அதே பிரிவில் இருக்க நேர்ந்தால் சம்மதமா என்று கேட்டுக்கொண்டுதான் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: ஐயா, என் மகனுக்காக ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மே மாதமே ஒரு லட்சம் ரூபாய் கட்டி இடம் பிடித்தோம். அப்போது அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார்கள். இப்போது கலந்தாய்வில் அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்துவிட்டது. கேட்டால், கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பும், சான்றிதழ் வர ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். பணத்துக்காகப் பையனை அங்கேயே சேர்த்துவிடலாமா என்று மனைவி கேட்கிறார்.
— ஒரு தந்தை, அம்பாசமுத்திரம்

பதில்: சேர்க்க வேண்டாம். ஒரு லட்சம் போய்விடுமோ என்ற பயத்தில் இன்னும் பல லட்சம் செலவழிக்கும் முடிவை எடுக்காதீர்கள். அந்த ஒரு லட்சமும் பெரும்பாலும் போகாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில் இதற்கான கணக்கு தெளிவாக இருக்கிறது. நிறுவனம் முறைப்படி அறிவித்த சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். செயலாக்கச் செலவு என்று அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டாமல், பிடித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தைய பதினைந்து நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பிறகு பதினைந்து நாள்வரை 80 சதவீதம், பதினாறாம் நாளிலிருந்து முப்பதாம் நாள்வரை 50 சதவீதம். முப்பது நாளும் கடந்துவிட்டால் எதுவும் இல்லை. அதன்பின் சில கல்வியாண்டுகளுக்கு, குறிப்பிட்ட தேதிவரை விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் என்று இதைவிடத் தாராளமான சுற்றறிக்கைகளையும் மானியக் குழு வெளியிட்டிருக்கிறது. இந்த ஆண்டுக்கான சுற்றறிக்கையை அதன் தளத்தில் பாருங்கள். எழுத்துமூலம் விண்ணப்பித்த பதினைந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்பதும், அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளவை.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். இன்றே மகன் பெயரில் விலகல் கடிதம் எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தேதிதான் இங்கே உங்கள் பணம் என்பதால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கட்டண ரசீதின் நகல், அந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் கடைசித் தேதி அறிவிக்கப்பட்டிருக்கும் பக்கத்தின் படம், இந்த அறிவிக்கையின் பெயரும் ஆண்டும் கடிதத்தோடு இருக்கட்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள்; அந்தப் பல்கலைக்கழகத்திலேயே மாணவர் குறைதீர்ப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதி.

சான்றிதழ் கைக்கு வருவதற்காகக் கலந்தாய்வு நாளை இழந்துவிடக் கூடாது. ஒதுக்கீட்டு ஆணையோடு அரசுக் கல்லூரி முதல்வரை நேரில் பார்த்து, நிலைமையை எழுத்தில் கொடுத்து, அவகாசம் கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய ஒரு மாணவன், வேறொரு நிறுவனம் டி.சி.யைப் பிடித்து வைத்துக்கொண்டதால் வாயைத் திறந்து கேட்காமலே அந்த ஆண்டை இழந்தான். அவன் கேட்டிருந்தால் நாங்கள் சேர்த்துக்கொண்டிருப்போம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கேள்வி: மகளுக்குக் கிடைத்த இரண்டு கல்லூரிகளில் ஒன்றுக்கு நாக் ஏ டபுள் பிளஸ், மற்றதற்கு ஏ. முதலாவதையே எடுத்துக்கொள்வதுதானே சரி?
— ஒரு தாய், நாமக்கல்

பதில்: அது மட்டும் போதாது. நாக் என்ற தேசிய மதிப்பீட்டுக் குழு தரும் மதிப்பீடு கல்லூரி முழுவதையும் பற்றியது. உங்கள் மகள் சேரப்போகும் படிப்பைப் பற்றித் தனியே சொல்வது என்.பி.ஏ. என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம்; அது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுவரை மட்டும் தரப்படுகிறது. ஏ டபுள் பிளஸ் பெற்ற கல்லூரியில் அவர் சேரும் பிரிவு புதிதாகத் தொடங்கப்பட்டதாக, இன்னும் ஒரு தொகுதிகூட வெளியே வராததாக இருக்கலாம். என்.பி.ஏ. தளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடி, அவருடைய படிப்பு பட்டியலில் இருக்கிறதா, எந்த ஆண்டுவரை என்று பாருங்கள். பிறகு, வகுப்புகள் நடக்கும் ஒரு நாளில் மகளோடு அந்தத் துறைக்கே போய், ஆய்வகம் பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியிடம், போன பருவத்தில் ஒரு தாளுக்கு எத்தனை ஆசிரியர் மாறினார்கள் என்று மட்டும் கேளுங்கள். எந்த மதிப்பீட்டுக் குழுவும் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

கேள்வி: ஐயா, இயந்திரப் பொறியியல் முடித்து ஓசூரில் வாகன உதிரிபாக ஆலையில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதுகலைக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகம், அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்பு என மூன்று இடங்களில் அனுமதி வந்திருக்கிறது. உதவித்தொகை எதிலும் இல்லை. என் சேமிப்பு 6 லட்சம். அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டை ஈடு வைக்கத் தயார் என்கிறார். எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது.
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வாக்கியங்கள்தான் இந்தக் கேள்வியின் மையம்.

ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஜெர்மனியில் படிப்பு முற்றிலும் இலவசம் என்று ஊரில் சொல்வதை இந்த மாநிலத்துக்கு நம்ப வேண்டாம். நான்கு பருவத்துக்கு 6,000 யூரோ. இதற்கு மேல், விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது உங்கள் பணம், மாதாமாதம் உங்களுக்கே திரும்பும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் முதலாண்டுக்கான மொத்தச் செலவு டாலரில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை எடுத்து, எத்தனை ஆண்டோ அத்தனையால் பெருக்கி, இன்றைய ரூபாய் மதிப்புக்கு மாற்றி, ஸ்டுட்கார்ட் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி, அப்பாவிடம் காட்டுங்கள். அவர் ஈடு வைக்கச் சம்மதித்தது அந்த எண்ணைப் பார்ப்பதற்கு முன்பா, பிறகா என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

படிப்பு முடிந்தபின் தங்கும் உரிமையையும் சேர்த்துப் பாருங்கள். ஜெர்மனியில் படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாத அனுமதி உண்டு. படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். அமெரிக்காவில் 12 மாதமும், அறிவியல்–தொழில்நுட்பப் படிப்புக்கு மேலும் 24 மாதமும் பயிற்சி வேலைக்கு இடம் உண்டு. அதன்பின் ஹெச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல்; ஆண்டுக்கு 85,000 இடங்களுக்குப் பல மடங்கு பேர் காத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டு ஆண்டாக இருக்கும் அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்து வாங்கிய கடனை, குலுக்கலில் வரும் விசாவை நம்பி அடைப்பதாகத் திட்டமிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் உதவித்தொகையோ ஆய்வு உதவியாளர் பணியோ கொடுத்திருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி போஷ், மெர்சிடிஸ்-பென்ஸ் போன்ற பெரிய பெயர்களும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் எண்ணற்ற சிறு, நடுத்தர ஆலைகளும் இருக்கின்றன. ஓசூரில் மூன்று ஆண்டு நீங்கள் செய்த வேலையின் மதிப்பை ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் ஊர் அது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும், அந்தச் சிறிய ஆலைகளின் தளத்தில் மேற்பார்வையாளர் உங்களிடம் பேசப்போவது ஜெர்மனில்தான். மொழி தெரியாமல் போனவர்கள் பட்டத்தோடு வேலை தேடித் தவித்ததைப் பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆகவே ஒரு நிபந்தனையோடு ஸ்டுட்கார்ட் என்கிறேன்: குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குவதற்குள் ஜெர்மன் மொழியின் தொடக்கப் படியான ஏ1 நிலையை முடித்து, முதலாண்டு முடிவதற்குள் இடைப்படியான பி1 நிலையை எட்டுவீர்கள் என்று உங்களுக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார முடியுமா என்பதை இந்த வாரமே தொடங்கிப் பாருங்கள். சென்னை கோதே நிறுவனம் இணைய வழியிலும் வகுப்பு நடத்துகிறது. ஒரு மாதம் படித்த பிறகும் அந்த மொழி உங்களுக்கு ஒட்டவே இல்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது வேலையைத் தொடர்ந்தபடி அடுத்த ஆண்டு உதவித்தொகையோடு விண்ணப்பிப்பதைப் பற்றிப் பேசலாம்.

இதற்கிடையே, உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் அது இல்லாமல் ஜெர்மன் மாணவர் விசா இல்லை. விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் முடக்கக் கணக்கையும் நேர்காணல் பதிவையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். முடிவு உறுதியானதும் மற்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும், வாய்ப்புக்கு நன்றி, சேர இயலவில்லை என்று இரண்டு வரி எழுதி அன்றே அனுப்பிவிடுங்கள். அந்த இடங்களுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.